கண்ணாடிக் காபன் தூள்: மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து உயர்தரச் செயற்றிட்டத்துக்கும் பல்கலைக்கழக இறுதி வருட ஆய்வுக்கும் மின்வாய் (கரைசலுக்கு மின் தொடர்பு கொடுக்கும் முனை) செய்யப் போகும் பிள்ளைகள் கண்ணாடிக் காபன் தூளைப் பற்றித் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இது விலை கூடிய சாமான், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வந்து சேர நாளும் எடுக்கும். வீட்டில் கொழுந்து பறித்த காசில் படிக்கிற பிள்ளை ஒருவர் தேவையில்லாத ஒன்றை வாங்கிவிடக் கூடாது, தேவையான இடத்தில் வாங்காமல் விட்டு ஆய்வைக் கெடுத்துக்கொள்ளவும் கூடாது. அதற்காகத்தான் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன்.

இது என்ன, சாதாரண கரித்தூள்தானே?

மூலகம் அதேதான், காபன். ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. காரீயத்தில் (பென்சிலில் இருக்கும் கிரஃபைற்று) காபன் தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காகப் படுத்திருக்கும், அதனால்தான் விரலில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. கண்ணாடிக் காபனில் அந்தத் தளங்கள் மிகக் குறுகியவை, வளைந்தவை, திசை தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டவை. 1971 இல் ஜென்கின்ஸ், கவமுரா இருவரும் இதை முறுக்கிப் பின்னிய நாடாக்களாக வரைந்து காட்டினார்கள். பிறகு வந்தவர்கள் புளரீன் போன்ற வளைவான, மூடிய கூடுகள் என்றும் சொன்னார்கள். எந்தப் படத்தை ஏற்றுக்கொண்டாலும் விளைவு ஒன்றுதான்: உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் நிறைய இருக்கும், ஆனால் அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடிக்கிடக்கும். திரவமோ வாயுவோ லேசில் உள்ளே போகாது. கட்டியாக உடைத்தால் கண்ணாடி உடைவது போலவே பளபளப்பான வளைந்த முகத்தோடு உடையும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த "மூடிய" தன்மையிலிருந்துதான் வருகின்றன, ஆகவே இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக் காரீயத்தை நன்றாக அரைத்தால் இது கிடைக்காதா? அல்லது இதைச் சூடாக்கினால் காரீயமாகுமா?

இரண்டுமே நடக்காது. காரீயத்தை எவ்வளவு அரைத்தாலும் சின்னக் காரீயம்தான் கிடைக்கும். மற்றப் பக்கம்தான் சுவாரசியமானது. ரோசலிண்ட் பிராங்க்ளின் (டீஎன்ஏ பற்றிய ஆய்வால் எல்லாருக்கும் தெரிந்தவர், ஆனால் அதற்கு முன் காபனில்தான் ஆழமாக வேலை செய்தவர்) 1951 இல் வெளியிட்ட ஆய்வில் காபன்களை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகை, சூடு ஏற ஏறக் காரீயமாகத் திரும்பும். மற்ற வகை, 3000 பாகை செல்சியஸ் வரை கொண்டுபோனாலும் திரும்பாது. கண்ணாடிக் காபன் இந்த இரண்டாவது கூட்டம். தொடக்கத்திலேயே குறுக்குப் பிணைப்புகளால் தளங்கள் கட்டப்பட்டுவிடுவதால், எவ்வளவு சூடு கொடுத்தாலும் அவை நகர்ந்து ஒழுங்காகப் படுக்க முடிவதில்லை.

நம் சிரட்டைக் கரியும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

எப்படிச் செய்கிறார்கள்?

பீனோல் போமல்டிகைட்டு ரெசின் அல்லது பர்பியூரைல் அற்ககோலில் இருந்து வரும் ரெசின்தான் மூலப்பொருள். அதை முதலில் கெட்டியாக்கி, காற்றே இல்லாத சூழலில், மிக மெதுவாகச் சூடேற்றுவார்கள். ஐதரசனும் ஒட்சிசனும் நீர், காபனோரொட்சைட்டு, மெதேன் என்று வாயுக்களாக வெளியேற, காபன் மட்டும் மிஞ்சும். கனவளவு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 1000 பாகையில் நிறுத்தினால் ஒரு தரம், 2000 க்கு மேலே 3000 வரை கொண்டுபோனால் இன்னொரு தரம்.

மெதுவாக ஏன் என்றால், வாயு வெளியே போக வழி குறைவு. அவசரப்பட்டால் வெடிக்கும், கொப்புளிக்கும். தகடாகச் செய்யும்போது சில மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் போகமுடியாததும் இதனால்தான். தூளில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ரெசினையே முதலில் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கெட்டியாக்கிவிட்டுப் பிறகு கரியாக்கினால், நடுவிலிருந்து வெளிப்பக்கத்துக்கு வாயு போகவேண்டிய தூரம் சில மைக்ரோமீற்றர்தான். உருண்டை உருண்டையாகவே சுருங்கும், வெடிக்காது.

இது 1950களின் கடைசியிலும் 1960களிலும் பிரித்தானியாவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவான பொருள். ஜப்பானில் யமடாவும் சாட்டோவும் 1962 இல் இதன் பௌதிக இயல்புகளை வெளியிட்டார்கள். மின்வாயாக முதலில் காட்டியவர்கள் அமெரிக்காவில் சிட்டல், மில்லர் இருவரும், 1965 இல்.

தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் வைத்து நாமே செய்து பார்க்கலாமா?

வேண்டாம். இதைக் கேட்ட பிள்ளையின் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் வேண்டாம். கொழுந்து உலர்த்தும் பொறிக்குள் போகும் காற்று நூறு பாகையைச் சுற்றித்தான் இருக்கும். விறகு எரியும் அடுப்பு அதைவிடப் பல மடங்கு சூடு என்றாலும் அங்கே காற்று தாராளம், உங்கள் ரெசின் சாம்பலாகத்தான் வெளியே வரும். அதோடு ரெசின் எரியும்போது வரும் பீனோல், போமல்டிகைட்டு ஆவி நெஞ்சுக்கும் கண்ணுக்கும் கெடுதி. நைதரசன் ஓட்டம் உள்ள குழாய் உலையும், சூட்டைப் படிப்படியாக ஏற்றும் கட்டுப்பாட்டுக் கருவியும், புகைபோக்கியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடக்கூடாது.

சிரட்டையில் செய்யலாமா என்பது இதன் தொடர்ச்சியாக வரும் கேள்வி. சிரட்டையைக் கரியாக்கினால் கடினமான, காரீயமாகாத காபன் கிடைக்கும், சரி. ஆனால் தாவரத்தின் குழாய்களும் கலங்களும் அப்படியே துளைகளாக நிற்கும். கண்ணாடிக் காபனுக்கு வேண்டியது துளை வெளியே திறக்காத பொருள். சிரட்டையின் பலம் திறந்த துளையில்தான் இருக்கிறது.

இயல்புகளை எண்களாகச் சொல்லமுடியுமா?

அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.4 முதல் 1.55 கிராம் வரை. காரீயப் பளிங்குக்கு 2.26. இந்த வித்தியாசம்தான் உள்ளே மூடிக்கிடக்கும் வெற்றிடம். தளங்களுக்கு இடையிலான தூரம் காரீயத்தில் 0.335 நனோமீற்றர், இதில் 0.344 க்கு மேல். மின் தடைத்திறன் 45 முதல் 50 மைக்ரோ ஓம் மீற்றர், அதாவது மின்னைக் கடத்தும், ஆனால் தொழிற்சாலைக் காரீயக் கட்டியைவிடச் சில மடங்கு குறைவாக. வெப்பக் கடத்துதிறன் மீற்றர் கெல்வினுக்கு 4 முதல் 6 வாற்று வரைதான், காரீயம் நூறைத் தாண்டும். வெப்பத்தில் விரிவது மிகக் குறைவு. கடினம் கண்ணாடியைச் சுற்றிய அளவு, அதனால் காரீயம் போல மசகாகக் குழையாது. காற்றில் 500, 600 பாகை தாண்டினால் எரியத் தொடங்கும். வெற்றிடத்திலோ ஆகனிலோ உயர்வெப்பத் தரம் 3000 பாகை வரை தாங்கும்.

மேற்பரப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 10 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள ஒரு கோளத்தின் கணக்கை நீங்களே போடலாம்: 6 ஐ அடர்த்தியாலும் விட்டத்தாலும் பிரித்தால் கிராமுக்குச் சுமார் 0.4 சதுர மீற்றர் வரும். ஏவப்பட்ட (துளைகள் நன்றாகத் திறக்கும்படி பதப்படுத்திய) சிரட்டைக் கரிக்கு இதே எண் 500 முதல் 1500 வரை. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம்.

அமிலத்தில் போட்டால் என்ன ஆகும்?

அனேகமாக ஒன்றும் ஆகாது. ஐதரோபுளோரிக்கமிலம் கண்ணாடியையும் குவாட்சையும் கரைக்கும், இதைத் தொடாது. செறிந்த நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்த கலவை காரீயத்தின் தளங்களுக்கு இடையே புகுந்து அதைப் பொடியாக்கிவிடும். கண்ணாடிக் காபனில் புக வழி இல்லை, மாதக்கணக்கில் கிடந்தாலும் அப்படியே இருக்கும் என்று ஆரம்ப கால ஆய்வுகளே காட்டின.

ஒட்சியேற்றும் உப்புகள் வேறு கதை. பொற்றாசியம் நைத்திரேற்று, குளோரேற்று, பெர்மங்கனேற்று இவற்றோடு எந்தக் காபன் தூளையும் உலர்வாகக் கலந்து சூடாக்குவது வெடிமருந்து செய்வதற்குச் சமம். செய்யவே கூடாது. இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்களும் உயர் வெப்பத்தில் காபனைக் கரைத்துக்கொள்ளும்.

உருண்டைத் தூள், சில்லுத் தூள் என்று இரண்டு விற்கிறார்களே, எது வாங்குவது?

உருண்டைத் தூள் நான் மேலே சொன்ன விதமாகப் பிறப்பிலேயே உருண்டை. சில்லுத் தூள் என்பது தகட்டையோ கட்டியையோ அரைத்தது, விளிம்புகள் கூராக இருக்கும், அரைக்கும் பாத்திரத்தின் அழுக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். மின்வாய்ப் பசைக்கு, அதாவது தூளை எண்ணெயில் குழைத்து மின்வாயாக அடைக்கும் பசைக்கு, உருண்டை. பிளாஸ்திக்கிலோ ரெசினிலோ கலந்து பிடிமானம் வேண்டுமென்றால் சில்லு பரவாயில்லை.

அளவு ஒரு மைக்ரோமீற்றருக்குக் கீழிருந்து 200 மைக்ரோமீற்றர் வரை பல தரங்களில் வருகிறது. தொழிற்சாலையில் ஒரே கொழுந்தை அரித்து பீஓபீ, பீஓபீஎஃப், டஸ்ட் என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சரக்கு ஒன்றுதான், அளவு மாறினால் நடத்தை மாறும். மின்வாய்ப் பசைக்கு 10 முதல் 20 மைக்ரோமீற்றர் வரையான தரம் நல்ல இடம். அதைவிடச் சின்னது காற்றில் பறக்கும், கழுவும்போது அடியில் இறங்கவும் மறுக்கும். பெரியதில் மேற்பரப்பு சொரசொரப்பாகும்.

எதற்கெல்லாம் பயன்படுகிறது?

பசை மின்வாய்கள், மின் கடத்தும் ஒட்டுகளும் பூச்சுகளும், அலுமினியத்தோடு கலந்து உராய்வையும் தேய்வையும் குறைக்கும் கலப்புப் பொருள்கள், திரவத்தை ஓடவிட்டு முழுவதையும் மின்னாற்பகுக்கும் நிரல்களில் (குழாய்களில்) நிரப்பும் மணிகள், இப்படிப் போகும்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை அவ்வளவு அழகானது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜோன் நொக்ஸும் கூட்டாளிகளும் 1970களின் கடைசியில் நிறப்பகுப்பியலுக்கு (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) ஒரு காபன் தூள் தேடினார்கள். துளையுள்ள சிலிக்கா மணிகளுக்குள் பீனோல் ரெசினை நிரப்பி, அப்படியே கரியாக்கி, பிறகு சிலிக்காவைக் காரத்தில் கரைத்து வெளியேற்றிவிட்டார்கள். சிலிக்கா இருந்த இடம் துளையாக நின்றது. இயல்பாகத் துளை திறக்காத பொருளில் வேண்டிய அளவுக்குத் துளை! பின்னர் அதையும் 2000 பாகைக்கு மேல் சூடாக்கி, தளங்கள் ஓரளவு ஒழுங்கான இன்னொரு வகையாக மாற்றினார்கள். பல திரவ நிறப்பகுப்பு நிரல்களில் இன்றும் பயன்படுவது அந்தப் பரம்பரைதான்.

போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகத்தரக் காரீயம் இருக்கும்போது இதை எதற்கு வாங்கவேண்டும்?

நல்ல கேள்வி. பாதிப் பேருக்கு என் பதில்: வாங்கவேண்டாம். கேகாலை மாவட்டத்துப் போகலை, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது நாளக் காரீயம் (பாறைப் பிளவுகளில் நரம்பு போலப் படிந்தது), காபன் வீதம் 95 க்கு மேல், நல்ல கட்டிகளில் 99 வரையும் போகும். ரால்ப் அடம்ஸ் 1958 இல் காபன் பசை மின்வாயை அறிமுகப்படுத்தினார், அன்றிலிருந்து உலகத்தில் செய்யப்படும் பசை மின்வாய்களில் பெரும்பாலானவை காரீயத் தூளில் செய்தவைதான். நீர்க் கரைசலில் பரசிற்றமோல், விற்றமின் சீ, ஈயம், கட்மியம் இவற்றை அளக்கப் போகிறீர்களா? நம் காரீயத்தை அமிலத்தில் கழுவி, உலர்த்தி, சல்லடையில் அரித்து எடுங்கள், போதும். ஆய்வு அறிக்கையில் மூலப்பொருள் உள்நாட்டில் கிடைத்தது என்று எழுதுவதும் ஒரு பலம்.

அப்படியானால் எந்த வேலைக்கு இது கட்டாயம்?

தேயிலைக்கு. நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் தலைப்பே தேயிலையின் பொலிபீனோல்கள்தான் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தேயிலைப் பொலிபீனோல்களில் முக்கியமான கட்டெகின்கள் மின்வாயில் எளிதாக ஒட்சியேறும், ஆகவே மின்னோட்டத்தை வைத்து அவற்றைக் கண்டுபிடிக்கலாம். பச்சைக் கொழுந்தில் இவை நிறைய. அரைத்த கொழுந்து காற்றுப் பட்டு நொதிக்கும்போது அவை தியாபிளவின், தியாரூபிஜின் என்று மாறுகின்றன, அந்த மாற்றத்தை மின்வாயில் பின்தொடரவும் முடியும். ஆனால் தேயிலையிலிருந்து மொத்தப் பொலிபீனோலைப் பிரித்தெடுக்கும் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 14502 சொல்லும் கரைப்பான் 70 வீத மெதனோல். இங்கேதான் சிக்கல். காரீயப் பசையை மெதனோல் கூடிய கரைசலில் வைத்தால் எண்ணெய் மெல்ல மெல்லக் கழன்று, பசை குலைந்து, கரைசலில் கறுப்பாக மிதக்கத் தொடங்கும். ஐதாக்கி அளக்கலாம், ஆனால் அப்போது குறைந்த செறிவில் உள்ளவை கைக்கு எட்டாமல் போகும்.

உருண்டைக் கண்ணாடிக் காபன் பசை மெதனோல் அதிகமுள்ள கரைசலிலும் குலையாமல் நிற்கிறது என்பதைப் பிராக் நகர ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். உருண்டைகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், எண்ணெயை உள்ளே உறிஞ்சாது. இன்னொரு நன்மையும் உண்டு. பொலிபீனோல் ஒட்சியேறியதும் மின்வாய் முகத்தில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது ஓட்டத்திலேயே மின்னோட்டம் விழும். திண்மக் கண்ணாடிக் காபன் தட்டு என்றால் 1, 0.3, 0.05 மைக்ரோமீற்றர் அலுமினாவில் வரிசையாக மெருகேற்றவேண்டும். பசை என்றால் பின்னாலிருந்து ஒரு தள்ளு, வெளியே வந்ததைச் சீவிவிட்டால் புது முகம். ஒரு நாளில் இருபது மாதிரி அளக்கவேண்டிய பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

பசை எப்படிக் குழைப்பது?

சின்ன அகேற்று உரலில் தூளை எடுங்கள். போத்தலைச் சாய்த்ததும் தெரியும், உருண்டைத் தூள் கட்டிபிடிக்காமல் திரவம் போல ஓடிவரும், அவசரத்தில் கொட்டிவிடாதீர்கள். காரீயத்துக்கு நிறையில் 70 க்கு 30 என்று எண்ணெய் போடுவது வழக்கம். இதற்கு அவ்வளவு வேண்டாம், 80 க்கு 20 இல் ஆரம்பியுங்கள். எண்ணெய் என்றால் மருந்துக்கடைப் பரபின் எண்ணெய், வாசனை சேர்க்காதது. துளித்துளியாக விட்டு, இடிக்காமல், உலக்கையை அழுத்திச் சுற்றுங்கள். முதலில் ஈரமணல் போல உதிரும், கொஞ்ச நேரத்தில் உரலின் சுவரை விட்டு ஒரே உருண்டையாகத் திரண்டு வரும், மேலே ஒரு மந்தமான மினுக்கம் தெரியும். அதுதான் பதம். எண்ணெய் மேலே பளபளவென்று கசிந்து நின்றால் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் தூள் போடுங்கள்.

ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, நுனி வெட்டிய ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் அடையுங்கள். காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அடைத்தால் வராது. பின்பக்கம் சுத்தம் செய்த செப்புக் கம்பி. முகத்தை வழவழப்பான கடதாசியில் எட்டு வடிவத்தில் தேய்த்து எடுங்கள்.

நுவரெலியாவில் அளந்தால் ஒரு பெறுமானம், கண்டியில் அளந்தால் வேறு பெறுமானம் வருகிறது. தூளில் பிழையா?

தூளில் பிழை இல்லை, குளிர். புத்தகங்களில் உள்ள எண்கள் 25 பாகைக்கு உரியவை. ஒரு இலத்திரன் மாறும் மீளும் தாக்கத்துக்கு, மின்னோட்ட வரைபில் இரு உச்சிகளுக்கும் இடையே 59 மில்லிவோல்ட் என்று படித்திருப்பீர்கள். 15 பாகையில் அது 57. அதைவிட முக்கியம், குளிரில் நீர் பாகுத்தன்மை கூடி மூலக்கூறுகள் மின்வாய்க்கு வந்துசேர்வது மெதுவாகும். கணக்குப் போட்டால் உச்சி மின்னோட்டம் சுமார் பத்து வீதம் குறையும். நுவரெலியாக் காலை வேளையில் எடுத்த அளவையும் கண்டியில் மத்தியானம் எடுத்த அளவையும் ஒரே வரைபில் போட்டால் கோடு கோணும். நீர்த்தொட்டியில் கலத்தை வைத்து 25 பாகையில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு நாளும் நியமக் கரைசல்களை அதே வெப்பநிலையில் திரும்ப அளந்து புது வரைபு போடுங்கள்.

வாங்கியது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

கொஞ்சத்தை வெள்ளைக் கடதாசியில் வைத்து விரலால் இழுங்கள். காரீயம் என்றால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மினுங்கும் கோடு விழும். உருண்டைக் கண்ணாடிக் காபன் கோடு போடாது, விரலுக்கடியில் உருளும். பாடசாலை நுணுக்குக்காட்டியில் மேலிருந்து வெளிச்சம் கொடுத்துப் பார்த்தால் உருண்டையா செதிலா என்பது தெளிவாகத் தெரியும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் பௌதிகவியல் ஆய்வுகூடத்து அடர்த்திப் போத்தலை எடுங்கள், நீருக்குப் பதிலாக எதனோல் பாவியுங்கள், ஏனென்றால் நீர் இந்தத் தூளை நனைக்காமல் மேலேயே மிதக்கவிடும். 1.5 ஐச் சுற்றி வந்தால் சரி, 2 ஐத் தாண்டினால் விற்றவரிடம் கேள்வி கேளுங்கள்.

தோட்டத்துப் பீலித் தண்ணீரை இதால் வடிகட்டலாமா?

பயனில்லை. மேலே சொன்ன 0.4 சதுர மீற்றரை நினைத்துப் பாருங்கள். ஏவப்பட்ட சிரட்டைக் கரி நம் நாட்டிலேயே தாராளமாகச் செய்யப்படுகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. மணம், நிறம் எடுக்க அதுதான். கிருமிக்கு எதுவானாலும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும்.

இதய வால்வில் வைக்கும் காபன் இதுதானா?

இல்லை, அது வாயுவிலிருந்து படியவைக்கும் வேறொரு காபன். உடலோடு ஒத்துப்போகும் தன்மை இரண்டுக்கும் உண்டு, அதனால் வரும் குழப்பம்.

கையாள்வதில் ஆபத்து உண்டா?

நஞ்சு அல்ல. ஆனால் நுண்தூள் எதுவும் நுரையீரலுக்கு நல்லதல்ல, முகக்கவசம் போடுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். மின்னைக் கடத்துவதால் தராசு, கணினி, மின்னழுத்தமானி இவற்றுக்குள் பறந்து போனால் குறுஞ்சுற்று ஆகலாம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னலால் உள்ளே வருகிற இடங்களில் போத்தலை இறுக மூடி சிலிக்கா ஜெல் பையோடு ஒரு டப்பாவில் வையுங்கள். தூள் ஈரத்தை உறிஞ்சாது என்றாலும் மணிகளின் மேல் படியும் நீர் எண்ணெயைப் பிடிக்கவிடாது. சந்தேகமாக இருந்தால் குழைப்பதற்கு முன் 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி, ஆறவிட்டு எடுங்கள்.

பாவித்த பசையிலிருந்து தூளைத் திரும்ப எடுக்கலாமா?

எடுக்கலாம், விலையைப் பார்த்தால் எடுக்கத்தான் வேண்டும். சீவி எறியும் பசையை எல்லாம் ஒரு சின்னப் போத்தலில் சேர்த்து வையுங்கள். புகைபோக்கிக்குக் கீழே, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஹெக்சேன் விட்டுக் குலுக்கி, தூள் அடியில் இறங்கியதும் மேலே உள்ளதை இறுத்துவிடுங்கள். எண்ணெய் போகும்வரை இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்து, பிறகு எதனோலில் கழுவி உலர்த்துங்கள். இறுத்த ஹெக்சேனைத் தொட்டியில் ஊற்றாமல் கழிவுப் போத்தலில் சேருங்கள். பொலிபீனோல் படலம் கொஞ்சம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் மீட்ட தூளைப் புதுத் தூளோடு கலக்காமல் தனிப் போத்தலில் போட்டு, பழக்கத்துக்கும் முன்னோட்டப் பரிசோதனைக்கும் மட்டும் பாவியுங்கள். அறிக்கைக்குப் போகும் அளவுகளைப் புதுத் தூளில் எடுங்கள்.